எலும்பைப் பார்த்து மார்க் போட்டார்கள்

(உழவர் நிகழ்ச்சியில், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைக்கு உங்களை ஒரு போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். ஜல்லிக்கட்டு அல்ல, படகுப் போட்டியும் அல்ல. கறி வெட்டும் போட்டி. மீன் அறுக்கும் போட்டி. "இதிலே என்னங்க போட்டி?" என்று உங்களில் சிலர் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். வெளியே வரும்போது சிரிப்பு வரவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மனிதரிடம் நான் பேசிய பேச்சு ஞாபகத்துக்கு வந்து நெஞ்சை உறுத்தியது. அதைப் பிற்பாடு சொல்கிறேன். முதலில் போட்டியைப் பார்ப்போம்.

என் மகள் இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊரில் குடியிருக்கிறாள். அவள் வீட்டுக்குப் போயிருந்த சமயம் அந்த ஊரில் உணவுத் திருவிழா நடந்தது. நம் ஊர்த் திருவிழாவில் வளையல் கடையும் பொரி கடலைக் கடையும் போடுவார்கள் அல்லவா? அங்கே வரிசையாக ரொட்டி, தேன், ஆப்பிள், பாலாடைக்கட்டி என்று சுற்று வட்டாரத்துக் குடியானவர்கள் தங்கள் விளைச்சலைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய கூடாரம். காலையில் கறிக்காரர்கள் போட்டி, மத்தியானம் மீன்காரர்கள் போட்டி என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தது.

உள்ளே ஆறு மேசைகள். மேசைக்கு ஒருவராக ஆறு பேர். நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஏப்ரன். அந்த நாட்டுக் கறிக்கடைக்காரர்களுக்கு அது பரம்பரை உடுப்பு. கத்தி பிடிக்காத கையில், இரும்பு வளையங்களைச் சங்கிலியாகப் பின்னிய உறை. ஒவ்வொருவருக்கும் உரித்துச் சுத்தம் செய்த செம்மறி ஆட்டில் ஒரு பாதி கொடுத்தார்கள். பத்து கிலோ தேறும். 45 நிமிஷத்துக்குள் அதைப் பிரித்து, எலும்பெடுத்து, கொழுப்பும் சவ்வும் நீக்கி, கடையில் அடுக்கி விற்கிற மாதிரி துண்டு போட்டு வைக்க வேண்டும்.

மணி அடித்தது. நான் எல்லோரையும் போல வேகமாக ஓடுகிற கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற வயசாளி ஒருவர் என் தோளைத் தட்டினார். அவர் வாழ்நாள் முழுதும் கறிக்கடை வைத்திருந்தவராம். "கத்தியைப் பார்க்காதீர்கள், மேசைக்குக் கீழே பாருங்கள்" என்றார். கீழே ஒவ்வொரு மேசைக்கும் மூன்று தட்டு இருந்தது. ஒன்று எலும்புக்கு, ஒன்று கொழுப்புக்கு, ஒன்று கழிவுக்கு.

உங்களுக்கும் இப்படி ஒரு போட்டியைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் அந்தத் தட்டுகளைத்தான் பாருங்கள். கைகாரன் யார் என்று அவைதான் சொல்லும்.

ஒரு பையன், இருபது வயசு இருக்கும், 31 நிமிஷத்தில் முடித்துவிட்டுக் கையைத் தூக்கினான். கூட்டம் கைதட்டியது. கடைசியாக முடித்தது ஒரு நடுத்தர வயசு அம்மாள். 45 நிமிஷத்துக்கு ஒரு நிமிஷம்தான் பாக்கி. அவர் கத்தி எலும்பை வெட்டவே இல்லை; எலும்பை ஒட்டி வழுக்கிக்கொண்டு போனது. தசைக்கும் தசைக்கும் நடுவே இயற்கையாகவே ஒரு மெல்லிய சவ்வு வரப்புப் போல ஓடுகிறது. அந்த வரப்பைக் கண்டுபிடித்து விரலால் விலக்கி, கத்தியின் நுனியை மட்டும் காட்டினால் போதும், தசை முழுசாகக் கழன்று வந்துவிடும். வரப்பு தெரியாமல் குறுக்கே போட்டால் நல்ல தொடைக்கறி கூடக் கந்தலாகும்.

நடுவர்கள் வந்தார்கள். நான் எதிர்பார்த்தபடி அவர்கள் முதலில் கறியைப் பார்க்கவில்லை. எலும்பை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள். கட்டைவிரலால் தடவினார்கள். பிறகு மூன்று தட்டுகளையும் தராசில் வைத்தார்கள். அதற்கப்புறந்தான் துண்டுகளின் ஒழுங்கு, மேசையின் சுத்தம், கத்தி பிடிக்கும் முறை எல்லாம். முதலில் முடித்த பையனுக்கு மூன்றாம் பரிசு கூட இல்லை. அவன் எலும்புத் தட்டில் கறி 400 கிராம் ஒட்டிக்கொண்டிருந்தது. பரிசு அந்த அம்மாளுக்கு. பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னது அந்தக் கூடாரத்திலும் செல்லுபடியானது.

நானூறு கிராம்தானே என்று நினைக்காதீர்கள். பாதி ஆட்டுக்கு 400 என்றால் முழு ஆட்டுக்கு 800 கிராம். நாளைக்கு ஐந்து ஆடு வெட்டுகிற கடையில் நாலு கிலோ. அந்த நாலு கிலோவையும் வளர்க்க எத்தனை நாள் மேய்ச்சல், எத்தனை கட்டுத் தழை, எத்தனை நாள் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வெயிலில் நின்றிருப்பார்கள்! அது அத்தனையும் தட்டோடு போகிறது.

இந்தத் தொழிலுக்கு உலக அளவிலேயே போட்டி உண்டு. 2011-ல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தங்களுக்குள் நடத்திய பந்தயமாகத் தொடங்கியது. பிறகு பல நாடுகள் சேர்ந்துகொண்டன. 2018-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் நடந்தபோது அயர்லாந்து ஜெயித்தது. 2022-ல் அமெரிக்காவின் சாக்ரமென்டோவில் ஜெர்மனி ஜெயித்தது. ஒரு அணிக்கு ஆறு பேர். மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பொழுதில் பாதி மாடு, பாதி பன்றி, ஒரு முழு ஆட்டுக்குட்டி, ஐந்து கோழி இவ்வளவையும் விற்பனைக்கு ஏற்ற துண்டுகளாக்கி அடுக்கிக் காட்ட வேண்டும். அங்கேயும் கைத்திறம், வேலை நேர்த்தி, புதுமை, அடுக்கும் அழகு என்று தனித்தனியாக மார்க். வேகம் மட்டும் போதாது.

அயர்லாந்தில் கால்வே என்று ஒரு ஊர். அங்கே 1954 முதல் சிப்பித் திருவிழா நடக்கிறது. சிப்பி உடைத்துத் திறக்கும் போட்டிதான் அதில் விசேஷம். ஆளுக்கு 30 சிப்பி. கடிகாரம் வைத்து நேரம் பார்க்கிறார்கள் என்பது வாஸ்தவந்தான். ஆனால் சிப்பிச் சதையில் ஓட்டுத் துணுக்கு கிடந்தாலோ, மண் இருந்தாலோ, கையை வெட்டிக்கொண்டு ரத்தம் பட்டிருந்தாலோ, அதற்கெல்லாம் விநாடி விநாடியாக அவர் நேரத்தோடு கூட்டிவிடுவார்கள். அவசரக்காரன் கெலிக்க முடியாது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். லண்டனில் மீன் வியாபாரிகளின் சங்கத்துக்கு அரசர் பட்டயம் கிடைத்தது 1272-ல். கறிக்கடைக்காரர் சங்கத்துக்கு 1605-ல். தச்சுவேலை, பொன்வேலை மாதிரி இதுவும் கற்றுத் தேற வேண்டிய கைத்தொழில் என்று அவர்கள் அன்றைக்கே மதித்திருக்கிறார்கள். நம்மிடம் கைத்திறம் குறைவா? இல்லவே இல்லை. புளியங்கட்டையில் வைத்து ஒரே எடைத் துண்டுகளாகப் போடுகிற கசாப்புக்காரரையும், அரிவாள்மனையில் கால் வைத்து உட்கார்ந்து கண் மூடித் திறப்பதற்குள் வஞ்சிரத்தை வட்டம் வட்டமாக அறுத்துத் தருகிற அம்மாவையும் நாம் தினம் பார்க்கிறோம். பார்க்கிறோமே தவிர, "உன் கைக்கு என்ன மார்க்?" என்று ஒருநாளும் நாம் கேட்டதில்லை.

சரி, மத்தியானம் மீன் போட்டிக்கு வாருங்கள்.

மேசைக்கு மேசை ஐஸ் பரப்பி மீன் அடுக்கியிருந்தது. நம்முடைய கானாங்கெளுத்திக்குப் பங்காளி முறையாகிற மீன் ஒன்று. பெரிய சால்மன் ஒன்று. இரண்டு கண்ணும் ஒரே பக்கம் இருக்கும் தட்டை மீன் ஒன்று. தட்டை மீன் என்றதும் எனக்கு நம் எருமை நாக்கு ஞாபகம் வந்துவிட்டது. தரங்கம்பாடிக் கரையிலிருந்து அனுப்பப்பட்ட அந்த மீனுக்கு 1801-ல் ஐரோப்பியர்கள் அறிவியல் பெயர் சூட்டியபோது, நம் மீனவர்கள் சொன்ன சொல்லையே எடுத்து 'எருமெய்' என்று வைத்தார்கள். இன்றைக்கும் அதன் பெயர் 'செட்டோடஸ் எருமெய்' தான். நம் கரைக்காரர்களின் சொல் உலகப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது, பார்த்தீர்களா?

உருண்டை மீனில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சதைப் பாளம் எடுப்பார்கள். தட்டை மீனில் நடுமுள்ளை ஒட்டிக் கோடு போட்டு, மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு பாளம் எடுக்கலாம். இதற்கு வளைந்து கொடுக்கிற மெல்லிய கத்தி வேண்டும். கத்தி முள்ளின் மேல் படுத்துக்கொண்டே போக வேண்டும். முள்ளும் கத்தியும் உரசுகிற கரகரப்புச் சத்தம் நின்றால் கத்தி சதைக்குள் ஏறிவிட்டது என்று அர்த்தம். கண்ணால் பார்க்கும் வேலை பாதி, காதால் கேட்கும் வேலை பாதி.

இங்கேதான் அந்த விஷயம் நடந்தது. மூன்றாவது மேசையில் ஒருவர். நல்ல கை. முள்ளில் ஒரு பொட்டுச் சதை கூட நிற்கவில்லை. ஆனால் அவர் எடுத்த சால்மன் பாளத்தைத் தூக்கியதும் சதை அடுக்கடுக்காகப் பிளந்து, பழைய புத்தகம் பக்கம் பக்கமாகக் கழன்ற மாதிரி ஆகிவிட்டது. அந்த மனிதர் முகம் செத்துப்போயிற்று. நடுவர் வந்து பார்த்தார். கத்தியை வாங்கிப் பார்த்தார். பிறகு உரக்கச் சொன்னார்: "இது உங்கள் கையின் குற்றமில்லை. மீன் வந்த வழியின் குற்றம்." வேறு மீன் கொடுத்து மறுபடி அறுக்கச் சொன்னார்கள்.

அந்த மீனைக் கொடுத்தவர் கூடாரத்திலேயே நின்றிருந்தார். எனக்கு ரெண்டு ஆள் தள்ளித்தான். அவர் தலை தானாகக் குனிந்துகொண்டது.

மீன் வந்த வழி என்றால் என்ன? மீனின் சதை ஏடு ஏடாக இருக்கிறது. ஏடுகளை மெல்லிய சவ்வு ஒட்டிப் பிடித்திருக்கிறது. செத்த சில மணி நேரத்தில் மீன் விறைக்கும். ஐஸில் கிடந்தால் மெதுவாக, சாதுவாக விறைக்கும். வெப்பத்தில் கிடந்தால் முரட்டுத்தனமாக இழுத்துக்கொண்டு விறைக்கும்; சவ்வு கிழியும். விறைத்திருக்கும்போது வாலைப் பிடித்துத் தூக்கினாலும், வளைத்துப் பெட்டிக்குள் அமுக்கினாலும், வீசி எறிந்தாலும் இதே கதிதான். வெளியே தோல் பளபளவென்று இருக்கும். குற்றம் கத்தி பட்டால்தான் தெரியும்.

அந்த நிமிஷந்தான் எனக்கு நாற்பது வருஷத்துக்கு முந்தைய சங்கதி ஞாபகம் வந்தது.

அப்போது நான் ராமநாதபுரம் சீமையில் ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரியில் புதுசாக வேலைக்கு வந்திருந்தேன். ஒருநாள் பெரியவர் ஒருவர் ஆத்திரத்தோடு வந்தார். பத்து ஆட்டைக் கசாப்புக்கடை பாய்க்கு விலை பேசி அனுப்பியிருக்கிறார். பேசிய பணத்தில் பாய் பிடித்தம் செய்துவிட்டார். "கறி கறுப்பா இருக்குன்னு சாக்குச் சொல்றாருங்க டாக்டரய்யா. என் ஆட்டுக்கு நோயே கிடையாது. நீங்களே வந்து கேளுங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். உரித்த ஆட்டில் நோய்க்கான அடையாளம் எதுவும் இல்லை. உடனே பாயிடம், பத்துப் பேர் பார்க்க, "ஏழைக் குடியானவனை ஏமாற்றுகிறீரே" என்று பேசிவிட்டேன். பாய் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு துண்டு கறியை எடுத்து என் கையில் வைத்தார். "தொட்டுப் பாருங்க டாக்டரய்யா, ஒட்டுது. கத்தி போட்டதுமே கை சொல்லுது, இந்த ஆடு ராத்திரி பூரா நின்னுக்கிட்டே வந்திருக்கு. சாயங்காலத்துக்குள்ள வாடை வந்துரும். நான் யாருக்கு விக்கிறது?" என்றார். நான் காதில் வாங்கவில்லை. பணத்தை முழுசாகக் கொடுக்க வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

பாய் சொன்னது சத்தியம். அது நான் காலேஜில் படித்த பாடமும்கூட. படித்தது வேறு, கண்ணெதிரே கண்டுகொள்வது வேறு.

விஷயம் என்னவென்றால், உயிருள்ள ஆட்டின் தசையில் கிளைகோஜன் என்று ஒரு மாவுச்சத்து சேமிப்பாக இருக்கிறது. வீட்டுப் பத்தாயத்தில் நெல் இருப்பது மாதிரி. ஆட்டை அறுத்த பிறகு அந்தச் சத்து புளிப்பாக மாறும். பாலில் உறை ஊற்றினால் தயிராகிற மாதிரி கறியில் அளவான புளிப்பு ஏறுகிறது. ஏழு என்ற அளவில் இருக்கும் பி.எச். சுமார் ஐந்தரைக்கு இறங்கும். அந்தப் புளிப்புத்தான் கறிக்கு நல்ல நிறம் தருகிறது. கெடுக்கும் கிருமிகளையும் அடக்கி வைக்கிறது. ஆனால் ஆட்டை ராத்திரி முழுக்க லாரியில் நெருக்கி நிறுத்தி, பயமுறுத்தி, பட்டினி போட்டு, தாகத்தோடு கொண்டுவந்து அப்படியே அறுத்தால் என்ன ஆகும்? பத்தாயம் வழியிலேயே காலி. புளிப்பு ஏறாது. பி.எச். ஆறுக்கு மேலேயே நின்றுவிடும். கறி கறுத்து, கையில் ஒட்டி, சீக்கிரம் கெட்டுப்போகும். வெள்ளாட்டுக்குப் பயம் ஜாஸ்தி. இந்தக் கேடு அதில் இன்னும் சுலபமாக வரும்.

அன்றைக்கு ஏமாற்றியவர் யாரும் இல்லை. பெரியவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய நான் யோசிக்கவில்லை. தெரிந்த ஒரே மனிதரைத்தான் நான் ஏசிவிட்டு வந்தேன்.

ஆகவே அன்பர்களே, கத்திக்காரரின் போட்டி மேசையில் தொடங்குவதில்லை. உங்கள் பட்டியில் தொடங்குகிறது. உங்கள் படகில் தொடங்குகிறது. நீங்கள் கெடுத்து அனுப்பியதை எந்தக் கத்தியாலும் திருத்த முடியாது. அதற்கு நீங்கள் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

ஆடு வளர்ப்போருக்கு: ஆட்டை ரோமத்தைப் பிடித்தோ ஒற்றைக் காலைப் பிடித்தோ தூக்காதீர்கள். பிடித்த இடத்தில் ரத்தம் கட்டும். அந்தச் சதையை வெட்டி எறியத்தான் வேண்டும். வண்டியில் ஏற்றச் சாய்வுப் பலகை வையுங்கள். வழுக்காமல் வைக்கோல் பரப்புங்கள். ஒன்றுக்கொன்று பழகாத ஆடுகளைச் சேர்த்து அடைக்காதீர்கள், முட்டிக்கொண்டே வரும். வெயில் தாழ்ந்த பிறகு ஏற்றுங்கள். இறக்கிய ஆட்டுக்கு ஒரு ராத்திரியாவது நிழலும் ஓய்வும் கிடைக்க வேண்டும் என்று வாங்குகிறவரிடம் பேசி வையுங்கள். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்க வேண்டாமா? அறுப்புக்கு 12 மணி நேரம் முன்னால் தீனியை நிறுத்தலாம். அப்போதுதான் வயிறு கிழிந்து கறி அசுத்தமாகாது. தண்ணீரை மட்டும் நிறுத்தவே கூடாது.

மீனவ நண்பர்களுக்கு: மீன் ஏறியதும் நிழலில் போடுங்கள். பெரிய மீனானால் குடலையும் செவுளையும் எடுத்துச் சுத்தமான தண்ணீரில் அலசுங்கள். நம் நாட்டு வெப்பத்துக்கு மீன் ஒரு பங்கு என்றால் ஐஸும் ஒரு பங்கு வேண்டும். ஐஸைப் பொடித்து, அடியில் ஒரு அடுக்கு, நடுவில், மேலே என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். ஐஸுக்குச் செலவா என்று பார்க்காதீர்கள். பூஜ்யம் டிகிரியில் இருக்கும் மீனைவிடப் பத்து டிகிரியில் இருக்கும் மீன் ஏறத்தாழ நாலு மடங்கு வேகமாகக் கெடுகிறது. வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். வீசாதீர்கள். மேலே ஏறி மிதிக்காதீர்கள்.

கத்தி பிடிக்கும் தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை: மழுங்கிய கத்திதான் கையை வெட்டும். அழுத்தம் கொடுக்கக் கொடுக்க அது வழுக்கும். வேலைக்கு நடுவே தீட்டுக் கம்பியில் இரண்டு இழுப்பு இழுத்துக்கொள்ளுங்கள். தோல் உரிக்கும்போது கத்தியைக் குறைத்து முஷ்டியால் தள்ளி உரியுங்கள். தோலில் ஒரு கீறல் விழுந்தாலும் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் அதற்கு மதிப்புக் குறைந்துவிடும்.

வாங்குகிற தாய்மார்களே, கடையில் ஒருவர் எலும்பைத் துப்புரவாக எடுத்துக் கொடுத்தால் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதுதான் அவருக்கு மார்க்.

ஊர் திரும்பியதும் அந்தச் சிற்றூருக்கு ஒருநாள் பஸ் ஏறினேன். கடை அதே இடத்தில் இருந்தது. பாய் இல்லை, காலமாகிவிட்டார். மகன் கட்டையடியில் நின்றிருந்தார். நான் யார் என்று சொல்லி, நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "அத்தா உங்களைத் திட்டினதே இல்லைங்க. 'டாக்டரு சின்ன வயசு, ஆட்டைத் தொட்டிருக்காரு, கறியைத் தொட்டதில்லை'ன்னு சொல்லுவாரு" என்றார்.

அந்த மார்க் சரியான மார்க்குத்தான். உங்கள் ஆட்டை வெட்டுகிறவரிடமும் உங்கள் மீனை அறுக்கிறவரிடமும் ஒருதரம் போய், "என் சரக்கு கத்திக்கு எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். கசப்பாகச் சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த சந்தையில் அது உங்களுக்குப் பணமாகத் திரும்பும்.